கீறல் விழுந்த பிறகு என்ன ஆகும்? பிக்கப் வண்டி, பனிக்கால உப்பு, துரு



துருப்பிடித்தல் பாடத்தை நடத்தி முடித்ததும் வழக்கமாக ஒரு கேள்வி கேட்போம்: "இரும்பு துருப்பிடிப்பதைத் தடுக்கும் நான்கு வழிகளைக் குறிப்பிடுக." பிள்ளைகளும் மளமளவென்று எழுதிவிடுவார்கள். வண்ணம் பூசுதல், எண்ணெய் தடவுதல், துத்தநாகம் பூசுதல், உலோகக் கலவையாக்குதல். நான்கு மதிப்பெண், அடுத்த கேள்வி. இதில் தப்பு எதுவும் இல்லைதான். ஆனால் நான்கும் ஒன்றுக்கொன்று சமம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் அவை சமமே இல்லை. எப்போது வித்தியாசம் தெரியும் என்றால், பூச்சில் ஒரு கீறல் விழும்போது.

இதை எனக்குப் புரியவைத்தது பாடநூல் இல்லை. கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் என் பெரியப்பா மகனின் பழைய பிக்கப் வண்டி. அண்ணன் அதைப் பயன்படுத்திய வண்டியாக வாங்கினார். மேலே பளபளப்பு, கீழே குனிந்து பார்த்தால் தார் பூசியது போல் கன்னங்கரேலென்று புத்தம் புதிய அடிப்பூச்சு. நல்லாப் பராமரிச்சிருக்காங்க என்று நம்பி வாங்கிவிட்டார். ஒரு வருடம் கழித்து ஒரு நாள் எனக்குக் காணொளி அழைப்பு. கையில் சின்னச் சுத்தியல். "தம்பி, இதைக் கேளு" என்று வண்டியின் அடிச்சட்டத்தைத் தட்டினார். முதலில் டிங், டிங். இன்னும் கொஞ்சம் பின்னால் தட்டியதும் சத்தம் மாறியது, டொப். அடுத்த தட்டில் சுத்தியல் முனை உள்ளேயே போய்விட்டது. "மேலே ராஜா மாதிரி இருக்குடா, கீழே அப்பளம் மாதிரி நொறுங்குது!"

வாங்கியவர் ஏமாந்த கதையாக மட்டும் இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கறுப்புப் பூச்சுக்கு அடியில் நம் பாடம் முழுவதும் இருக்கிறது. நம் ஊரில் பனியும் இல்லை, சாலையில் உப்பும் கொட்டுவதில்லை. ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சாலையில் எதற்கு உப்பு?

தூய நீர் 0 டிகிரி செல்சியஸில் உறைகிறது. அதில் உப்பு கரைந்தால் உறைநிலை இறங்கும். சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பேதான், சரியான விகிதத்தில் கரைந்தால் மைனஸ் 21 டிகிரி வரைக்கும்கூட நீர்மமாக இருக்க முடியும். நடைமுறையில் மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே போனால் அது பனிக்கட்டியை மிக மெதுவாகத்தான் உருக்கும். அதற்கும் குளிரான நாள்களில் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். உப்பைத் தூளாகத் தூவுவதோடு உப்புக் கரைசலாகவும் தெளிக்கிறார்கள். கரைசல் சாலையில் நன்றாக ஒட்டும். வண்டியிலும் அதே அளவுக்கு நன்றாக ஒட்டும், அதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 20 மில்லியன் டன் உப்பு சாலைகளுக்குப் போகிறது. ஒன்டாரியோவில் கோடரிச் என்ற ஊரில், ஹுரோன் ஏரிக்கு அடியில் 500 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கிருந்து வருவதில் பெரும்பகுதி சாலைக்குத்தான். உப்பைக் கொட்டாமல் இருக்க முடியாது. வண்டி சறுக்கினால் உயிர் போகும். உயிரைக் காக்கும் அதே உப்புதான் வண்டியைத் தின்கிறது.

"தின்கிறது" என்று நான் எழுதியது பேச்சு வழக்கு. மாணவர்களே, தேர்வில் இதை அப்படியே எழுதாதீர்கள். "உப்பு இரும்பை அரிக்கிறது" என்று எழுதினால் பாதி விடைதான். இரும்பைத் துருவாக்குவது ஆக்சிஜனும் நீரும். உப்பு அந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்தும் துணை. எப்படி என்று பார்ப்போம்.

ஒரு சொட்டு நீருக்குள் ஒரு மின்கலம்

இரும்பின் மேல் ஒரு சொட்டு உப்பு நீரை வையுங்கள். சொட்டின் ஓரத்தில் காற்று எளிதாகக் கரையும், அங்கே ஆக்சிஜன் அதிகம். நடுவில் நீர் ஆழமாக இருப்பதால் ஆக்சிஜன் குறைவு. நடுப்பகுதியில் இருக்கும் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து இரும்பு(2) அயனியாகக் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே ஓரத்துக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை ஏற்று ஹைட்ராக்சைடு அயனி ஆகின்றன. நடு எதிர்மின் முனை, ஓரம் நேர்மின் முனை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரும்பு ஹைட்ராக்சைடு உருவாகி, மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீரேறிய இரும்பு(3) ஆக்சைடாகிறது. அந்தச் செம்பழுப்புப் பொடிதான் துரு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவன்ஸ் செய்து காட்டியதால் இதை எவன்ஸ் சொட்டுச் சோதனை என்பார்கள்.

எஸ்.பி.எம். வேதியியல் எடுப்பவர்கள் ஆய்வகத்தில் இதையே வேறு வடிவத்தில் செய்திருப்பீர்கள். ஆணிகளை அகார் கூழில் வைத்து, பொட்டாசியம் ஹெக்ஸாசயனோஃபெரேட்(3) கரைசலும் பினாஃப்தலீனும் சேர்க்கும் சோதனை. நீலம் தெரிந்தால் அங்கே இரும்பு கரைகிறது. இளஞ்சிவப்பு தெரிந்தால் அங்கே ஹைட்ராக்சைடு உருவாகிறது. செம்பு சுற்றிய ஆணியில் நீலம் அதிகம், மக்னீசியம் சுற்றிய ஆணியில் நீலமே இருக்காது. இந்தச் சோதனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தேவைப்படும்.

எலெக்ட்ரான் உலோகத்தின் வழியாக ஓடினால் மட்டும் போதாது, சுற்று முழுமையாக வேண்டும். நீருக்குள் அயனிகளும் நகர வேண்டும். தூய நீரில் அயனிகள் மிகவும் குறைவு, வேலை மந்தம். உப்பு கரைந்த நீரிலோ சோடியம், குளோரைடு அயனிகள் நிறைந்து கிடக்கின்றன, மின்னோட்டம் தாராளமாகப் பாய்கிறது. அதோடு, உலோகத்தின் மேல் இயல்பாகப் படியும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தைக் குளோரைடு அயனி ஆங்காங்கே உடைத்து ஓட்டை போடும். இவை இரண்டையும் எழுதினால் விடை முழுமையாகும்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. பாடநூலில் அதிகம் பேசப்படாதது, ஆனால் வண்டிக்காரர்களுக்கு மிகவும் முக்கியமானது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே ஈரமாகிக் கரைந்துவிடும். மக்னீசியம் குளோரைடுக்குச் சுமார் 33 விழுக்காடே போதும். அது கிட்டத்தட்ட எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அப்படியானால் பனி உருகி, சாலை காய்ந்து, கோடை வந்த பிறகும் சட்டத்தின் இடுக்கில் ஒளிந்திருக்கும் உப்பு தன் வேலையை நிறுத்துவதில்லை. வெப்பம் கூடினால் வினை வேகமும் கூடும் என்று வினைவேகப் பாடத்தில் படிக்கிறோமே, அதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். உப்பு ஒட்டுவது பனிக்காலத்தில், துரு வேகமாக வளர்வது அதற்குப் பிந்திய மாதங்களில்.

அண்ணன் வீட்டில் சூடேற்றிய கொட்டகை ஒன்று உண்டு. "வெளியே மைனஸ் 15, வண்டி பாவம்" என்று தினமும் உள்ளே நிறுத்துவார். வண்டிக்கு அவர் செய்த நல்ல காரியமாக அதை நினைத்திருந்தார். அடியில் ஒட்டிய உப்புப் பனி உள்ளே உருகி, கதகதப்பில் இரவு முழுக்க இரும்போடு உறவாடிக்கொண்டிருந்தது. உப்பைக் கழுவாமல் உள்ளே விடுவதை விட, குளிரில் வெளியே நிறுத்துவதே மேல். சொன்னபோது அண்ணன் நம்பவில்லை. "பதினைந்து வருசமா நான் இங்க இருக்கேன், நீ பனியே பார்த்ததில்லை" என்றார். அது நியாயமான கேள்விதான். வினைவேகத்துக்கு அது தெரியாதே!

பிக்கப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

சாதாரணக் காரில் உடலே சட்டமும்கூட. பெரும்பாலான பிக்கப்களில் அப்படி இல்லை. ஏணி போன்ற தனி எஃகுச் சட்டம் ஒன்று, அதன் மேல் ஓட்டுநர் அறையும் சரக்குத் தொட்டியும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். அந்தச் சட்டத்தின் பல பகுதிகள் உள்ளே வெற்றிடமான பெட்டி வடிவக் குழாய்கள். நீர் வடிய ஆங்காங்கே துளை விட்டிருப்பார்கள். அதே துளை வழியாக உப்புச் சேறும் உள்ளே போகும். உள்ளே போன சேறு துளையை அடைத்துக்கொள்ளும், பிறகு நீர் வெளியே வர வழியில்லை. வெளியே எவ்வளவு வண்ணம் பூசினாலும் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. நாம் பார்ப்பது கடைசிக் காட்சி மட்டும்தான்.

இது சில கவனக்குறைவான ஆள்களின் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான டொயோட்டா டகோமா, 2007, 2008 டன்ட்ரா, 2005 முதல் 2008 வரையிலான செக்வோயா வண்டிகளின் சட்டங்கள் போதிய துருப் பாதுகாப்பு இல்லாமல் துருப்பிடிக்கின்றன என்று உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஏறக்குறைய 1.5 மில்லியன் வண்டிகள். நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே 2016இல் சமரசத்துக்கு வந்தது. அதன் மதிப்பு 3.4 பில்லியன் டாலர் வரை போகலாம் என்று கணக்கிட்டார்கள். சட்டத்தில் 10 மில்லிமீட்டர் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தால் சட்டத்தையே மாற்றித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. 10 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுண்டு விரல் நுழையும் ஓட்டை.

சட்டத்தை விட அவசரமானது பிரேக் குழாய். பல வண்டிகளில் அது மெல்லிய எஃகுக் குழாய், சுவர்க் கனம் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. சட்டத்தை ஒட்டி, சேறும் உப்பும் தங்கும் இடத்தில்தான் ஓடுகிறது. கால் வைத்து அழுத்தும்போது உள்ளே பிரேக் எண்ணெயின் அழுத்தம் சட்டென்று ஏறும். இயற்பியலில் படிக்கும் பாஸ்கல் தத்துவம்தான். பலவீனமான இடம் எங்கே இருக்கிறதோ அங்கே வெடிக்கும். வண்டி நிற்கவேண்டிய அதே நொடியில் வெடிக்கும் என்பதுதான் இதில் பயங்கரம். அண்ணனுக்கும் அது நடந்தது. சிவப்பு விளக்கருகே பெடல் தரை வரை இறங்கிவிட்டது. பிரேக் அமைப்பு இரண்டு தனிப் பாதைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் மற்ற பாதியாவது வேலை செய்தது. நடைபாதை ஓரத்தில் இடித்து வண்டி நின்றது. உள்ளே அண்ணியும் இருந்தார்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 1999 முதல் 2003 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களின் பிரேக் குழாய்த் துருவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லாமலேயே 2015இல் அந்த ஆய்வை முடித்துக்கொண்டது. உப்பு போடும் மாநிலங்களில் இருப்பவர்கள் வண்டியின் அடிப்பகுதியைக் கழுவுங்கள், பிரேக் குழாய்களைச் சோதித்துப் பாருங்கள் என்ற அறிவுரையோடு விட்டுவிட்டது. பொறுப்பு கடைசியில் வண்டிக்காரர் கையில்தான்.

இப்போது கீறலுக்கு வருவோம்

வண்ணம். காற்றையும் நீரையும் தடுத்து நிறுத்தும் சுவர். சுவர் முழுதாக இருக்கும்வரை நன்று. சாலைக் கல் ஒன்று தெறித்து, கடுகளவு வண்ணம் உதிர்ந்தால், அந்த இடத்தில் இரும்பு வெளியே தெரியும். உப்பு நீர் அங்கே நுழைந்து வண்ணத்துக்கு அடியில் பக்கவாட்டில் பரவும். துரு, தான் உருவான இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் வண்ணத்தை உள்ளிருந்து தூக்கிக் கொப்புளமாக்கும். கொப்புளத்துக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு, வெளியே அதிகம். மறுபடியும் எவன்ஸ் சொட்டுதான்! உள்ளே இருக்கும் இரும்பு இன்னும் வேகமாகக் கரையும்.

ரப்பர், தார் போன்ற கெட்டியான அடிப்பூச்சு. அண்ணன் வண்டியில் இருந்தது இதுதான். புதிய, சுத்தமான எஃகில் முறையாகப் பூசினால் இதுவும் ஒரு நல்ல சுவர். ஆனால் காலப்போக்கில் காய்ந்து, விறைத்து, வெடிக்கும். வெடிப்பின் வழியே உள்ளே போகும் உப்பு நீர் வெளியே வராது. ஏற்கெனவே துரு இருக்கும் சட்டத்தின் மேல் பூசினாலோ, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்ட கதைதான். அதை விட மோசம், அது பார்வைக்கு மறைத்துவிடுகிறது. பயன்படுத்திய பிக்கப்பின் அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு பளபளத்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள், சுத்தியலைக் கேளுங்கள்.

துத்தநாகம் முற்றிலும் வேறு ரகம். கீறல் விழுந்து இரும்பு தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் இரும்பை விட எளிதாக எலெக்ட்ரான்களை இழக்கும். தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். மக்னீசியம் சுற்றிய ஆணியை நினைத்துப் பாருங்கள், அதே கதை. இதற்கு எதிர்ப்பக்கம் வெள்ளீயம். வெள்ளீயம் பூசிய தகர டப்பாவில் கீறல் விழுந்தால் இரும்புதான் முதலில் கரையும், பூச்சே இல்லாததை விட வேகமாக. "பூச்சு" என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி எதிரெதிரான இரண்டு உலோகங்கள். "துத்தநாகம் பூசிய வாளி, வெள்ளீயம் பூசிய டப்பா, இரண்டிலும் கீறல் விழுந்தது, எது முதலில் துருப்பிடிக்கும், ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். நான்கு வழிகளை ஒப்பிக்கும் பிள்ளை எது, புரிந்துகொண்ட பிள்ளை எது என்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தன்னைக் கொடுத்து இன்னொன்றைக் காக்கும் இந்த யோசனை புதிதல்ல. 1824இல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் இருந்த செம்புத் தகட்டைக் காக்க, இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தச் சொன்னார். செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் செம்பு கரைந்து நஞ்சாகி விரட்டிக்கொண்டிருந்த கடற்சிப்பிகள் இப்போது நிம்மதியாக ஒட்டிக்கொண்டன, கப்பலின் வேகம் குறைந்துபோனது. (இதை வகுப்பில் சொன்னால் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும், நான் பார்த்திருக்கிறேன்.)

இதைச் சாக்காக வைத்து ஒரு வியாபாரமும் நடக்கிறது. மின்கலத்தோடு இணைக்கும் சின்னப் பெட்டி, "மின்சாரத்தால் துருவைத் தடுக்கும்" என்பார்கள். கப்பலுக்கும் புதைத்த குழாய்க்கும் மின்சாரப் பாதுகாப்பு உண்மையிலேயே பயன்படுகிறது. ஏனென்றால் அவை முழுக்க ஈரமான ஊடகத்துக்குள் இருக்கின்றன, சுற்று முழுமையாகிறது. வண்டியைச் சுற்றி இருப்பது காற்று. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஈரத் திட்டுகள், அவ்வளவுதான். பெட்டியிலிருந்து அந்தத் திட்டுக்கு அயனிகள் எந்த வழியாகப் போகும்? 1990களில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 'ரஸ்ட் இவேடர்' என்ற இப்படிப்பட்ட கருவியை விற்ற நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது.

கடைசியாக எண்ணெய். பட்டியலில் மிகவும் எளிமையாகத் தெரியும் வழி. வீட்டில் கத்தரிக்கோலுக்குத் தடவுகிறோமே, அது. எண்ணெய்ப் படலத்தைக் கல் கீறினால், அது மெல்ல ஊர்ந்து வந்து கீறலை மூடிக்கொள்ளும். இடுக்குகளுக்குள், பற்றவைத்த மூட்டுகளுக்குள், ஏற்கெனவே படிந்த துருவின் துளைகளுக்குள் ஊறிப் போகும். காய்ந்து வெடிக்காது. குறை என்னவென்றால் கழுவிக்கொண்டு போய்விடும், ஆண்டுதோறும் மறுபடியும் அடிக்க வேண்டும். கனடாவில் க்ரோன், ரஸ்ட் செக் போன்ற கடைகள் இதையே தொழிலாகச் செய்கின்றன. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் கொழுப்பில் செய்த ஃப்ளூயிட் ஃபில்ம் போன்றவை இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். உப்புச் சாலையில் ஓடும் பிக்கப்புக்கு என் தேர்வு இந்த ரகம்தான். கெட்டியான, அழகான, "வாழ்நாள் முழுக்க" என்று விளம்பரம் செய்யும் பூச்சை விட, ஒழுகி, அழுக்காகி, ஒவ்வோர் ஆண்டும் செலவு வைக்கும் எண்ணெய்!

உலோகத்தையே மாற்றுவது இன்னொரு வழி. ஃபோர்டு நிறுவனம் 2015 மாடலிலிருந்து எஃப்-150 பிக்கப்பின் உடலை அலுமினியக் கலவையில் செய்கிறது. அலுமினியம் துருப்பிடிக்காது. கவனியுங்கள், துருப்பிடிக்காது, ஆனால் அரிமானம் அடையும். 'துரு' என்ற சொல் இரும்புக்கு மட்டுமே உரியது. 'அரிமானம்' எல்லா உலோகத்துக்கும் பொது. 'பச்சைத் துரு' என்று செம்புக்கு எழுதும் பிள்ளைகளைத் திருத்துங்கள். அந்த வண்டியிலும் அடிச்சட்டம் எஃகுதான். எஃகும் அலுமினியமும் உப்பு நீரில் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் கரையும், அதனால் இரண்டும் தொடாதபடி இடையே பூச்சும் தடுப்பும் வைக்கிறார்கள். செம்பு சுற்றிய ஆணி சொன்ன பாடம் இங்கேயும் செல்லும்.

வண்டி வைத்திருப்பவர் செய்ய வேண்டியது

இலையுதிர் காலத்தில், முதல் உப்பு விழுவதற்கு முன், வெயில் உள்ள நாளாகப் பார்த்து அடிப்பகுதியை நன்றாகக் கழுவ வேண்டும். சட்டத்தின் துளைகளில் அடைத்திருக்கும் சேற்றைக் குத்தி எடுத்து, உள்ளேயும் நீர் பாய்ச்ச வேண்டும். பிறகு முழுதாகக் காயவிட வேண்டும், ஒரு நாள் இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. ஈரத்தின் மேல் எண்ணெய் அடிக்க ஆசைப்படக் கூடாது. பிறகு எண்ணெய். வெளிப்புறத்தை விட உட்புறம் முக்கியம். சுற்றிலும் தெளிக்கும் முனை கொண்ட நீளக் குழாயைத் துளை வழியாக விட்டு, சட்டத்தின் உள் சுவர்களில் படும்படி அடிக்க வேண்டும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, டயர் வளைவின் பின்புறம், ஓட்டுநர் அறையின் பின்மூலைகள், பின்கதவின் கீழ் மடிப்பு, மாற்று டயர் தொங்கும் இடம், பட்டை ஸ்பிரிங்கின் இணைப்புகள், பிரேக் குழாய்கள். பிரேக் தட்டிலும் புகைக் குழாயிலும் எண்ணெய் படவே கூடாது. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகக் கூடாது, தாங்கு கட்டைகள் கட்டாயம்.

வடியும் துளைகளை எண்ணெயோ மெழுகோ அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பனிக்காலத்தில், வெப்பநிலை 0 டிகிரிக்கு மேலே ஏறும் நாள்களில், அடிப்பகுதியைக் கழுவும் வசதி உள்ள கடைக்குப் போய் வரலாம். வசந்தம் வந்து உப்பு போடுவது நின்றதும் ஒரு பெரிய கழுவல். மேலே சொன்ன ஈரப்பதக் கணக்கை நினைத்தால், ஆண்டு முழுக்க ஒரே ஒரு முறைதான் கழுவ முடியும் என்பவர் இந்தக் கழுவலைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏற்கெனவே துரு பிடித்திருந்தால்? செதில் செதிலாக உரியும் துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்துவிட்டு, மிச்சத்தின் மேல் துரு மாற்றி என்ற திரவத்தைத் தடவலாம். சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், சிலவற்றில் டானிக் அமிலம். டானிக் அமிலம் இரும்போடு சேர்ந்தால் கருநீலமாக மாறும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். கடுக்காயில் டானின், அன்னபேதி என்பது இரும்பு(2) சல்பேட்டு. தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் சேர்ந்து ஒரு பாடவேளை நடத்த அருமையான இடம். ஆனால் துரு மாற்றி ஓட்டையை அடைக்காது, இழந்த கனத்தையும் திருப்பித் தராது. தட்டினால் டொப் என்று கேட்கும் சட்டத்துக்கு மருந்து கிடையாது. வெட்டிப் பற்றவைக்க வேண்டும், அல்லது சட்டத்தையே மாற்ற வேண்டும், அல்லது வண்டியை விட்டுவிட வேண்டும்.

உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு ஒரு நிகழ்வு

வண்டியில் ஒட்டும் உப்பு வண்டியோடு நிற்பதில்லை. ஒன்டாரியோவின் எலியட் லேக் என்ற ஊரில் ஒரு பேரங்காடி, அதன் கூரையே கார் நிறுத்துமிடம். கார்கள் கொண்டுவந்த உப்பும் மழை, பனி நீரும் கூரையின் கசிவு வழியாகப் பல பத்தாண்டுகள் உள்ளே இறங்கி, எஃகுத் தாங்கிகளின் இணைப்பை அரித்தன. 2012 ஜூன் 23ஆம் நாள் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்து இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். கசிவைப் பற்றி எத்தனையோ ஆண்டுகளாகப் புகார் இருந்ததாகப் பிறகு நடந்த விசாரணையில் தெரியவந்தது. மாணவர்களிடம் இந்த நிகழ்வைக் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: கூரைக்கு அடியில் இருந்த எஃகில் பனியே விழவில்லை, பிறகு எப்படித் துருப்பிடித்தது? அந்த இணைப்பில் வண்ணம் மட்டும் புதிதாகப் பூசியிருந்தால் போதுமா? துத்தநாகம் பூசியிருந்தால்? விடையில் ஆக்சிஜன், நீர், மின்பகுளி என்ற மூன்றும் வருகிறதா, கீறலுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று யோசித்திருக்கிறார்களா என்று பார்த்து மதிப்பெண் கொடுங்கள்.

அண்ணன் அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். இப்போது இருப்பதும் பிக்கப்தான், அதுவும் பழசுதான். வாங்கும் முன் சுத்தியலோடு போனாராம், விற்பவர் முகம் சுளித்தாராம். பிரேக் குழாய்களைச் செம்பு, நிக்கல் கலவைக் குழாயாக மாற்றிவிட்டார். அக்டோபர் மாதம் எண்ணெய் அடித்து, வீட்டு முன்னால் ஒரு வாரம் சொட்டுச் சொட்டாக வடிந்து தரையெல்லாம் கறை. அண்ணி அட்டைப் பெட்டிகளை விரித்து வைத்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினார். கீழே ஒரு வரி: "உங்க அறிவியலால என் வாசலுக்கு வந்த கதியைப் பாருங்க, தம்பி."